50 எம்எம் லென்ஸ், எட்டு அடி சமையலறை, ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்



போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில என் சித்தப்பா பையன் ஃபோன் பண்ணினான். வயசு 24. வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருஷம் முடியல. பிடித்தம் எல்லாம் போக கையில வர்ற சம்பளம் 41,000 ரூபாய்.

"அண்ணா, கேமராவை மாத்தலாம்னு இருக்கேன். ஃபுல் ஃப்ரேம். பழசை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தா மேல 1,20,000 வருது. 12 மாச இஎம்ஐ. மாசம் பதினோராயிரத்துக்குள்ளதாண்ணா வரும்."

ஒரு சிஏவுக்கு இந்தத் 'தான்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கையில வர்ற சம்பளத்துல நாலில் ஒரு பங்குக்கு மேல ஒரு பொருளுக்குப் போகுது, அதுக்கு ஒரு 'தான்'!

"இருக்கற கேமராவுக்கு என்னடா ஆச்சு?"

"ஃப்ரேம்ல எதுவுமே அடங்க மாட்டேங்குதுண்ணா."

விஷயம் இதுதான். சித்தி நல்லா சமைப்பாங்க. அவன் அதை வீடியோ எடுத்து போட ஆரம்பிச்சிருக்கான். பின்னாடி அழகா மங்கலா தெரியணும்னு, போனஸ் பணத்துல ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கிட்டான். சமையலறை நீளம் எட்டு அடி. ட்ரைபாடைக் கதவு வரைக்கும் தள்ளி வச்சாலும் சித்திக்கும் கேமராவுக்கும் நடுவுல ஆறு அடிதான். சித்தி முகம் வந்தா வாணலி வரல. வாணலி வந்தா முகம் வரல.

கேமரா தெரிஞ்ச ஒருத்தர் அவன்கிட்ட சொன்னது: "உங்க கேமராவுல சென்சார் சின்னது. அதனால க்ராப் ஆகுது. ஃபுல் ஃப்ரேம் போங்க, சரியாயிடும்."

இதுல முதல் பாதி உண்மை. நம்ம பர்ஸைக் காலி பண்றது ரெண்டாவது பாதி. அது ஏன்னு இன்னிக்குப் பொறுமையா பார்ப்போம். கேமரா வாங்கற எண்ணமே இல்லாதவங்களும் படிங்க. ஒரு ஸ்பெசிஃபிகேஷன் நம்பரைப் பார்த்துப் பெரிய செலவு பண்றதுக்கு முன்னாடி எப்படி யோசிக்கணும் என்பதுக்கு இது நல்ல உதாரணம்.

தோசை ஒண்ணுதான், வெட்டற துண்டுதான் வேற

லென்ஸ் உள்ளே அனுப்புற படம் சதுரமோ செவ்வகமோ இல்லை. அது வட்டம். தோசைக்கல்லுல ஊத்தின தோசை மாதிரி ஒரு வட்டமான ஒளிப்படம் கேமராவுக்குள்ள விழுது. சென்சார் என்பது அந்தத் தோசைக்கு நடுவுல இருந்து வெட்டி எடுக்கற ஒரு செவ்வகத் துண்டு.

பெரிய சென்சார் பெரிய துண்டை எடுக்கும். சின்ன சென்சார் நடுவுல இருக்கற சின்னத் துண்டை மட்டும் எடுக்கும். தோசை மாறவே இல்லை. 50 எம்எம் லென்ஸ் எந்த கேமராவுல மாட்டினாலும் 50 எம்எம்தான். ஆனா ரெண்டு துண்டையும் நாம பார்க்கறது அதே ஃபோன் திரையில. சின்னத் துண்டை அதே திரை அளவுக்குப் பெருசாக்கினா, ஏதோ ஜூம் பண்ண மாதிரி தெரியும். உண்மையில ஜூம் ஆகல, ஓரம் வெட்டுப்பட்டிருக்கு. அவ்வளவுதான்.

லென்ஸ் எவ்வளவு அகலமா பார்க்குது என்பதைக் கோணமா சொல்வாங்க. ஒரே 50 எம்எம் லென்ஸை வெவ்வேறு சென்சார்ல வச்சா பக்கவாட்டுக் கோணம் இப்படி மாறும்:

- ஃபுல் ஃப்ரேம், 36 × 24 மி.மீ.: சுமார் 40 டிகிரி
- ஏபிஎஸ்-சி (ஸோனி, நிக்கான், ஃபியூஜி), ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ.: சுமார் 26 டிகிரி
- ஏபிஎஸ்-சி (கேனான்), ஏறக்குறைய 22.3 × 14.9 மி.மீ.: சுமார் 25 டிகிரி
- மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 17.3 × 13 மி.மீ.: சுமார் 20 டிகிரி

'க்ராப் ஃபேக்டர்' என்பது ஃபுல் ஃப்ரேமோட மூலைவிட்டத்தை உங்க சென்சாரோட மூலைவிட்டத்தால வகுத்தா வர்ற எண். மேலே உள்ள வரிசைப்படி 1, 1.5, 1.6, 2. ஏபிஎஸ்-சியில 50 எம்எம் மாட்டினா, ஃபுல் ஃப்ரேம்ல 75 எம்எம் போட்டா என்ன அகலம் தெரியுமோ அதுதான் தெரியும். என் தம்பி அந்த எட்டு அடி சமையலறைக்குள்ள, ஆளை நெருக்கமா எடுக்கற போர்ட்ரெய்ட் கோணத்தை வச்சுக்கிட்டு நின்னிருக்கான்.

"50 எம்எம்னா நம்ம கண்ணு பார்க்கற மாதிரி" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

இதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. நானும் கேட்டு ஏமாந்திருக்கேன். என் முதல் வருமான வரி வீடியோக்களை எடுக்க இதே பேச்சை நம்பி 50 எம்எம் வாங்கினேன். "இனிமே இது எதுக்கு"ன்னு கேமராவோட வந்த கிட் லென்ஸை அடிமாட்டு விலைக்கு வித்தேன். கடைசியில ஃப்ரேம்ல என் மூஞ்சி இருந்துச்சு, பின்னாடி இருந்த ஒயிட்போர்டு இல்ல. வித்த லென்ஸைத் திரும்ப அதிக விலைக்கு வாங்கின முதல் சிஏ நானாத்தான் இருப்பேன்.

அந்தப் பேச்சு ஃபிலிம் காலத்தது. ஜெர்மனியில லைட்ஸ் நிறுவனத்துல வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 எம்எம் ஃபிலிமைப் படுக்கவாட்டுல ஓடவிட்டு, 36 × 24 மி.மீ. அளவுல படம் எடுக்கற சின்ன கேமராவை உருவாக்கினார். 1925-ல லைக்கா என்ற பேர்ல அது விற்பனைக்கு வந்தது. அந்த 36 × 24 தான் இன்னிக்கும் 'ஃபுல் ஃப்ரேம்'. 50 எம்எம் சாதாரணக் கோணம்னு சொல்றது அந்த அளவுக்குத்தான் பொருந்தும்.

டிஜிட்டல் வந்தப்போ அவ்வளவு பெரிய சென்சார் செய்ய ரொம்பச் செலவாச்சு. அதனால 1999-ல வந்த நிக்கான் டி1, 2000-ல வந்த கேனான் டி30 மாதிரி கேமராக்கள் எல்லாம் சின்ன சென்சாரோட வந்தன. ஃபிலிம் காலத்து லென்ஸை அதுல மாட்டினவங்களுக்கு, அகலமா பார்த்த 28 எம்எம் லென்ஸ் திடீர்னு 42 எம்எம் மாதிரி குறுகிப் போச்சு. க்ராப் ஃபேக்டர் கணக்கு அவங்களுக்காகப் பரவின கணக்கு. பழைய லென்ஸே கையில இல்லாத நாம, அந்தக் கணக்கைப் பாதி மட்டும் கேட்டுட்டு பயப்படறோம்.

ஏபிஎஸ்-சியில அந்தச் 'சாதாரண' கோணம் வேணும்னா 33 எம்எம் வேணும். கடையில அதுக்கு நெருக்கமா கிடைக்கறது 35 எம்எம். அவ்வளவுதான் தீர்வு.

கால்குலேட்டர்ல ஒரு நிமிஷம்

கோணம், டிகிரி எல்லாம் மனசுல நிக்காது. எனக்கும் நிக்காது. அதனால நான் பயன்படுத்தற கணக்கு இது:

சென்சார் அகலம் ÷ லென்ஸ் எம்எம் × தூரம் = ஃப்ரேம்ல தெரியற அகலம்

தூரத்தை அடியில போட்டா விடையும் அடியில வரும். வீடியோ 16:9-ல இருக்கறதால, வந்த அகலத்தை 9-ஆல பெருக்கி 16-ஆல வகுத்தா உயரமும் கிடைச்சிடும். ஓரிரண்டு அங்குலம் முன்னப்பின்ன இருக்கலாம். முடிவெடுக்க இது போதும்.

தம்பியை இன்ச் டேப் எடுத்துட்டு சமையலறைக்குப் போகச் சொன்னேன். சித்தி தலைக்கு மேல கொஞ்சம் இடம் விட்டு, கீழ அடுப்பு மேடை வரைக்கும் அளந்தான்: மூணு அடி உயரம் வேணும். பக்கவாட்டுல அடுப்பும் அஞ்சறைப்பெட்டியும் சேர்த்து அஞ்சு அடி. தூரம் ஆறு அடி. இப்ப கணக்கு:

- அவன் கேமரா, 50 எம்எம்: 23.5 ÷ 50 × 6 = 2.8 அடி அகலம், 1.6 அடி உயரம்
- ஃபுல் ஃப்ரேம், 50 எம்எம்: 36 ÷ 50 × 6 = 4.3 அடி அகலம், 2.4 அடி உயரம்
- அவன் கேமரா, 24 எம்எம்: 23.5 ÷ 24 × 6 = 5.9 அடி அகலம், 3.3 அடி உயரம்

பார்த்தீங்களா? 1,20,000 ரூபாய் கொடுத்து ஃபுல் ஃப்ரேம் வாங்கி, அதுல 50 எம்எம் போட்டாலும் மேடை அடங்காது. அவன்கிட்ட இருக்கற கேமராவுலயே 24 எம்எம் போட்டா எல்லாம் அடங்கும்.

"24 எம்எம் எவ்வளவுண்ணா ஆகும்?"

"கேமராவோட வந்த கிட் லென்ஸ் எங்கடா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "பீரோல, பாக்ஸ்லயே இருக்குண்ணா."

16-50 எம்எம் கிட் லென்ஸ். நடுவுல 24 எம்எம் இருக்கு. செலவு பூஜ்யம்.

அடுத்த குண்டு

அவனோட 50 எம்எம் லென்ஸ் மேல என்ன எழுத்து இருக்குன்னு படிக்கச் சொன்னேன். அது ஏபிஎஸ்-சி சென்சாருக்காகவே செஞ்ச லென்ஸ். அதாவது அந்த லென்ஸ் ஊத்தற தோசையே சின்னது. ஃபுல் ஃப்ரேம் கேமராவுல மாட்டினா நாலு மூலையும் கறுத்துப் போகும். அதைத் தவிர்க்க, பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்கள் தானாகவே சென்சாரோட நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும்.

விளைவு? ஃபுல் ஃப்ரேம் கேமராவுலயும் அதே 2.8 அடி. ஒரு வருஷம் இஎம்ஐ கட்டியும் ஃப்ரேம் அகலமாகாது. ஃபோட்டோ எடுத்தா, 24 மெகாபிக்சல் கேமரா சுமார் 10 மெகாபிக்சல்தான் தரும். ஏன்னா ஃபுல் ஃப்ரேமோட பரப்பளவு 864 சதுர மி.மீ., ஏபிஎஸ்-சியோடது சுமார் 367. மீதியெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கும். இதைச் சரிபண்ண புது லென்ஸும் வாங்கணும். அவனுக்குச் சொன்ன 1,20,000-ல அது சேரவே இல்ல.

வாங்கறதுக்கு முன்னாடி இந்த எழுத்துகளைப் பாருங்க. நிக்கான்ல 'டிஎக்ஸ்' இருந்தா ஏபிஎஸ்-சி லென்ஸ். கேனான்ல 'இஎஃப்-எஸ்', 'ஆர்எஃப்-எஸ்'. ஸோனியில 'எஃப்இ'ன்னு இருந்தா ஃபுல் ஃப்ரேமுக்கு, வெறும் 'இ' மட்டும் இருந்தா ஏபிஎஸ்-சிக்கு. இன்னொரு சந்தேகமும் நிறைய பேருக்கு உண்டு: ஏபிஎஸ்-சி லென்ஸ்ல 35 எம்எம்னு போட்டிருந்தா அது ஏற்கனவே மாத்திச் சொன்ன எண்ணா? இல்லை. அதுவும் உண்மையான 35 தான். எழுத்து சொல்றது தோசையோட அளவை மட்டும்தான்.

சிடிசி நம்பர், டேக்-ஹோம் நம்பர்

ஆஃபர் லெட்டர்ல சிடிசி ஒண்ணு இருக்கும், மாசக் கடைசியில அக்கவுண்ட்ல வர்றது வேற ஒண்ணா இருக்கும். கேமரா உலகமும் அப்படித்தான். லென்ஸ்ல இருக்கற எம்எம் சிடிசி. ஃப்ரேம்ல எத்தனை அடி தெரியுது என்பது டேக்-ஹோம்.

'1 இன்ச் சென்சார்' இதுக்கு நல்ல உதாரணம். ஒரு இன்ச்னா 25.4 மி.மீ. ஆனா அந்த சென்சார் 13.2 × 8.8 மி.மீ. தான், மூலைவிட்டமே சுமார் 16 மி.மீ. அந்தக் காலத்து வீடியோ கேமராக் குழாயோட வெளி விட்டத்தை வச்சுச் சொன்ன பழைய கணக்கு இன்னிக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதோட க்ராப் ஃபேக்டர் 2.7.

ஃபோன்ல இதுக்கு நேர் எதிர். மெயின் கேமரா 24 எம்எம், 26 எம்எம்னு சொல்றாங்களே, அது ஃபுல் ஃப்ரேமுக்கு மாத்திச் சொன்ன எண். அந்த லென்ஸோட உண்மையான ஃபோக்கல் லெங்த் சில மி.மீ. மட்டுமே. அதனால ஃபோன்ல சொல்ற 24-ஐயும் உங்க கேமரா லென்ஸ்ல இருக்கற 24-ஐயும் நேரடியா ஒப்பிடாதீங்க.

அப்புறம் 'மறைமுகப் பிடித்தம்' ஒண்ணு உண்டு. சில கேமராக்கள் 4கே வீடியோவுல சென்சாரை இன்னும் கொஞ்சம் வெட்டும். ஸோனி இசட்வி-இ10ல 4கே, 30 ஃப்ரேம் வச்சா கூடுதலா 1.23 மடங்கு. கேனான் எம்50ல 4கே வச்சா மொத்த க்ராப் சுமார் 2.5 மடங்குக்குப் போயிடும். டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் போட்டா அதுவும் ஓரத்தை வெட்டும். 1.23 வெட்டு விழுந்தா நம்ம 5.9 அடி 4.8 அடியாயிடும். அப்போ லென்ஸை 20 எம்எம்முக்குத் திருப்பணும். ரிவ்யூ பார்க்கும்போது "4கே-ல க்ராப் இருக்கா?"ன்னு தேடிப் பாருங்க.

அப்போ ஃபுல் ஃப்ரேம் வேஸ்ட்டா?

இல்லவே இல்ல. கல்யாண மண்டபத்துல மங்கின வெளிச்சத்துல எடுத்துச் சம்பாதிக்கறவங்களுக்கு அது வேலைக்கான கருவி. பெரிய சென்சார் மொத்தத்துல அதிக ஒளியைப் பிடிக்கும். ஒரே மாதிரி ஃப்ரேம் வச்சு, அதே எஃப் எண்ல எடுத்தா பின்னணி இன்னும் மங்கலா வரும். அதுக்கு விலையும் அதிகம். ஒரே சிலிக்கான் தட்டுல பெரிய சென்சார் வெட்டினா எண்ணிக்கை குறையும். தட்டுல ஒரு சின்னக் குறை இருந்தாலும் பெரிய துண்டு ஒண்ணு வீணாப் போகும். லென்ஸும் பெருசா, கனமா, விலை கூடவா இருக்கும்.

ஆனா சின்ன சென்சார் உதவற இடமும் உண்டு. வேடந்தாங்கல் போய் பறவை எடுக்கறவங்களுக்கு ஏபிஎஸ்-சியில 300 எம்எம் போட்டா, ஃபுல் ஃப்ரேம்ல 450 எம்எம் போட்ட கோணம் கிடைக்கும். நீளமான லென்ஸோட விலை தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்னு புரியும்.

எது பெருசு என்பதை விட, உங்களுக்கு எத்தனை அடி, எந்த வெளிச்சத்துல வேணும் என்பதுதான் கேள்வி.

இப்ப என் டிபார்ட்மென்ட்

1,20,000 ரூபாய், ஆண்டுக்கு 16% வட்டி, 12 மாசம்னு வச்சுக்குவோம். இஎம்ஐ சுமார் 10,890. மொத்த வட்டி சுமார் 10,650. கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 1,920. பிராசஸிங் ஃபீ தனி. "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு சொன்னாலும் பொதுவா நடக்கறது என்னன்னா, வட்டித் தொகையை முதல்லயே தள்ளுபடியா கழிச்சுட்டு, பேங்க் அதை உங்ககிட்ட வட்டியா வாங்கும். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி உங்க தலையிலதான். ஸ்டேட்மென்ட்டை வரி வரியா படிங்க.

"டேக்ஸ்ல கழிச்சுக்கலாமேண்ணா"ன்னு கேட்டான். சம்பள வருமானத்துல கேமராவைக் கழிக்க வழியே இல்ல. சேனல்ல வருமானம் வந்து, அதைத் தொழில் வருமானமா கணக்கு வச்சுக் காட்டினா, வருஷத்துக்கு 15% தேய்மானம் கழிக்கலாம். வாங்கின வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுல பாதி. இவன் சேனல்ல இன்னும் ஒரு ரூபாய் வரல.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. ஃப்ரேம்ல எத்தனை அடி வேணும், எத்தனை அடி தள்ளி நிக்க முடியும்? இன்ச் டேப் எடுத்து அளந்தீங்களா?
2. இருக்கற லென்ஸ்லயே அந்த அகலம் வருதா? கணக்கு போட்டீங்களா?
3. லென்ஸ் மேல இருக்கற எழுத்து புது கேமராவுக்குப் பொருந்துமா? இல்லன்னா லென்ஸ் விலையையும் சேர்த்தீங்களா?
4. நீங்க எடுக்கற வீடியோ மோட்ல கூடுதல் க்ராப் உண்டா?

இந்த நாலுக்கும் பதில் எழுதின பிறகும் "வேணும்"னு வந்தா, தாராளமா வாங்குங்க. ஆசைக்கு வாங்கறது தப்பில்ல. தெரியாம வாங்கறதுதான் தப்பு.

தம்பி கதை என்னாச்சு? அன்னிக்குச் சாயங்காலமே பீரோவுல இருந்து கிட் லென்ஸ் வெளிய வந்தது. அதுலயும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டாம். கிட் லென்ஸ் 50 எம்எம் எஃப்/1.8 அளவுக்கு ஒளியை உள்ளே விடாது, பின்னணியும் அவ்வளவா மங்காது. சமையலறை இருட்டா வந்துச்சு. 3,000 ரூபாய்க்கு ஒரு எல்இடி லைட் வாங்கினான். 50 எம்எம்மை விற்கல. தாளிக்கும்போது கடுகு வெடிக்கறதையும், தட்டுல வச்ச பதார்த்தத்தையும் நெருக்கமா எடுக்க அதுதான் இப்ப உதவுது.

போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். வத்தக்குழம்பு. சித்தி முகமும் தெரியுது, வாணலியும் தெரியுது. பதினோராயிரத்துல பாதியை இந்த மாசத்துல இருந்து ஆர்டில போடறானாம். மீதிப் பாதி எங்கேன்னு கேட்டேன். சிரிச்சுட்டு ஃபோனை வச்சுட்டான்.

உங்க வீட்டுல பீரோவுக்குள்ள என்ன தூங்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. உங்க சென்சார், லென்ஸ், அறை அளவு மூணையும் எழுதினா கணக்கு போட்டுச் சொல்றேன். அடுத்த பதிவுல சந்திப்போம்!